தகரத்துக்கு அக்கட்டால

உக்காருங்க தம்பி. சர்வேயரம்மா வர்றதுக்கு மூணு மணியாகும். எங்கியோ அளக்கப் போயிருக்குதாமா. உள்ள இருக்கறவங்களைக் கேட்டா "இப்ப வந்துருவாங்க"ம்பாங்க. அதை நம்பி வாசல்லயே நிக்காதீங்க. இந்தப் பெஞ்சுல இக்கட்டால வந்துருங்க, அக்கட்டால வெயிலு.

கையில என்னுங்க, புலப்படமா? காட்டெல்லைப் பொழித் தகராறுங்களா?

கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. ரெண்டரை வருசம் நானும் இந்தத் தாலுக்கா ஆபீசுல இதே பெஞ்சுல உக்காந்தவன். ஒருத்தர் வர்ற நடையிலயே தெரியும், வாரிசுச் சான்றிதழுக்கு வர்றாரா, பொழித் தகராறுக்கு வர்றாரான்னு. பொழித் தகராறுக்காரங்க பேப்பரை நெஞ்சோட சேத்துப் புடிச்சுட்டு வருவாங்க. நீங்க அப்படித்தான் வந்தீங்க.

எதிராளி ஆருங்க? பக்கத்துக் காடுங்களா? அதானே. தூரத்துல இருக்கறவங்களோட நமக்கென்னுங்க தகராறு.

என்ற தகராறும் பக்கத்துக் காடுதானுங்க. சொல்றேன், கேட்டுக்குங்க, உங்களுக்கு ஒதவும். நான் எல்லாத்தையும் மொறைப்படி செஞ்சவன். ஒண்ணு கூட மொறை தவறிச் செய்யல.

என்ற பேரு நஞ்சப்பனுங்க. கல்லாங்காட்டுப்புதூரு. எனக்கு ஆறு ஏக்கரா கொறங்காடு இருக்குது. மேய்ச்ச நெலம். கெழக்கால சென்னியப்பன்னு ஒருத்தரு, அவருக்கு ஏழு ஏக்கரா. நடுவுல கிளுவ வேலி. உங்க பக்கம் கிளுவ உண்டுங்களா? முள்ளுச் செடி. குச்சிய வெட்டி நட்டாப் போதும், அதுவே தழைஞ்சு ஒண்ணோட ஒண்ணு பின்னி செவுரு மாதிரி ஆயிரும். பாம்பு போகும், கோழி போகும், ஆடு போகாது. எங்கப்பனும் அவங்கப்பனும் சேந்து நட்ட வேலி. ரெண்டு வூடும் வேலிய ஒட்டியே இருக்குதுங்க. நாங்க வாசல்ல தும்முனா அங்க கேக்கும்.

சென்னியப்பன் எனக்கு மச்சான் மொறை. அவரு சம்சாரம் ராமாத்தாளை அக்கான்னுதான் கூப்பிடுவேன்.

வேலியில ஒரு கடவு இருந்துச்சு. ஆளு ஒண்ணு ஒருக்களிச்சு நொழைஞ்சு போற சந்து. நாங்க ஆம்பளைங்க அதுல போறதில்ல, ரோட்டைச் சுத்தித்தான் போவோம். அது பொம்பளைங்களா வெச்சுக்கிட்டது. என்ற சம்சாரம் தெய்வாத்தா கல்யாணமாயி வந்த மொத வாரமே அந்தக் கடவுல போயி ராமாத்தாக்காகிட்ட உப்பு வாங்கிட்டு வந்தா. அப்பறம் முப்பத்தொரு வருசம் போறதும் வர்றதுமாத்தான் இருந்தா. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவுத்துனான்னா ஆளு அங்க இருப்பா. அத்தன வருசம் பேசறதுக்கு என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. கேட்டதில்ல.

விசயத்துக்கு வர்றேன்.

ஒரு ஐப்பசி. மழைக்கு முந்தி, மக வூட்ல பேத்திக்குக் காது குத்துன்னு ரெண்டு பேரும் திருப்பூருக்குப் போயிட்டமுங்க. அஞ்சு நாள். திரும்பி வந்து பாத்தா, மச்சான் வேலிய வெட்டி ஒழுங்கு பண்ணி, பட்டுப்போன எடத்துலயெல்லாம் புதுக் குச்சி நட்டு வெச்சிருக்கறாரு. நட்டது சரிங்க. எங்க நட்டாரு? என்ற பக்கம். ஒரு மொழம் உள்ள. எங்க வெள்ளவேல மரம் ஒண்ணு வேலியிலிருந்து மூணெட்டுத் தள்ளி நிக்கும். இப்ப ரெண்டெட்டுத்தான் வருது.

கூப்பிட்டுக் கேட்டேன். "மச்சான், இதென்னுங்க இப்படி?"

"எப்படி மாப்ள?"

"வேலி நகந்திருக்குது."

"வேலி எங்க மாப்ள நகரும்? பழைய குழியிலதான் குத்தியிருக்கறேன். வந்து தொட்டுப் பாரு."

நான் தொட்டுப் பாக்கலீங்க. எதுக்குத் தொடறது? கண்ணு இருக்குதல்ல.

அடுத்த நாள் வெடியால போயி அந்தக் குச்சியவெல்லாம் புடுங்கி அவரு பக்கம் போட்டேன். நாப்பத்திரண்டு குச்சி. வீசிப் போடல, அடுக்கித்தான் போட்டேன். அவரு பல்லு வெளக்கிட்டே வந்து பாத்தாரு. வாயக் கொப்புளிச்சுட்டு, "உங்கப்பனும் இப்படித்தான்டா"ன்னாரு. எங்கப்பன் செத்து இருவது வருசமாச்சு தம்பி. நானும் திருப்பி ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேன்னு ஞாபகமில்ல. அவரு சொன்னது மட்டும் ஞாபகமிருக்குது.

தெய்வாத்தா அன்னைக்குச் சொன்னா, "ஒரு மொழந்தானுங்க. வுட்ருங்க. ஆடு மேயற எடம்." நான் சொன்னேன், இன்னைக்கு ஒரு மொழம், நாளைக்கு?

அப்பறம் வக்கீலு. நீங்க வக்கீலு வெச்சிருக்கறீங்களா? வெச்சுக்குங்க. நமக்குத் தெரியாததெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். நான் போன அன்னைக்கே அவரு கேட்ட மொதக் கேள்வி, "வேலியில வழி எதாச்சும் இருக்குதா?"ன்னு. கடவு இருக்குதுன்னேன். "அதை மொதல்ல அடைங்க. நாளைக்கு வழிப் பாத்தியம் இருக்குதுன்னு கெளப்பி வுட்டா கேசு வேற பக்கம் போயிரும். போக்குவரத்து, பேச்சு வார்த்தை எதுவும் வேண்டாம். ஆரும் பாத்துச் சாட்சி சொல்லிரக்கூடாது"ன்னாரு.

வந்ததும் கடவுல முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சேன். தெய்வாத்தா சோத்துக்கு உலை வெச்சுட்டு இருந்தவ வெளிய வந்து நின்னா.

"ரோட்டைச் சுத்திப் போயிக்கறனுங்க"ன்னா.

"அப்படியும் போகக்கூடாதாமா. தீர்ப்பு வர்ற வரைக்கும்."

"தீர்ப்பு எப்ப வருமுங்க?"

"வந்துரும்"னேன்.

ரெண்டாந்தடவ கேக்கல தம்பி. அவ அப்படித்தான். நல்ல பொம்பள. சொன்னாக் கேட்டுக்குவா.

அந்த வருசமும் அடுத்த வருசமும் அப்படியே போச்சுங்க. வாய்தா, வாய்தா, வாய்தா. கோர்ட்டுல மச்சான் அந்தப் பெஞ்சுல உக்காருவாரு, நான் இந்தப் பெஞ்சுல. ஒரே பஸ்ஸுலதான் திரும்பி வருவோம். அவரு முன்னால ஏறுனா நான் பின்னால. எறங்கி அவரு ரோட்டுக்கு அந்த ஓரமா நடப்பாரு, நான் இந்த ஓரமா.

அடுத்த சித்திரையில, பால் சொசைட்டியில ஒருத்தரு சொல்லித்தான் தெரியும், ராமாத்தாக்காளுக்கு நெஞ்சுல கட்டியாம். கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறாங்க, ரொம்ப முத்திப் போச்சு, வூட்ல வெச்சுப் பாத்துக்குங்கன்னு திருப்பி அனுப்பிச்சுட்டாங்களாமா. வந்து தெய்வாத்தாகிட்டச் சொன்னேன். சொல்லாம மறைக்கறவன் இல்லீங்க நான். அவ எரும கட்டுத்தறியக் கூட்டிட்டு இருந்தா. கூட்டறதை நிறுத்தல. "தெரியுமுங்க"ன்னா.

எப்படித் தெரியும்னு நான் கேக்கல. நாந்தான் போகவேண்டாம்னு சொல்லியிருக்கறனே, அவளும் போகலையே.

மச்சான் வூட்டுல உள்ள புழுக்கம்னு, வேலியோரமா புங்க மரத்தடியில கட்டல் போட்டு அக்காளை அங்கயே படுக்க வெச்சுட்டாங்க. எங்க வாசல்ல இருந்து பாத்தா கிளுவ எலைக்கு நடுவுல சீலைக் கலரு மட்டும் தெரியும். மத்தபடி இருமல்தான். வெடியால எந்திரிச்சா இருமல், சாப்பிட உக்காந்தா இருமல். எனக்குச் சோறு எறங்காதுங்க. வூட்டுக்குப் பின்னால போயி உக்காந்து திம்பேன்.

அந்தச் சமயத்துலதான் தெய்வாத்தா கையில கீறலு. சோத்தாங்கையில, முழங்கைக்கு மேல வரைக்கும். முள்ளுக் கீறலு. ஒண்ணு ஆறறதுக்குள்ள இன்னொண்ணு. வெறகு பொறுக்கறப்ப கிழிச்சுக்கறா போலன்னு மருந்துக் கடையில களிம்பு வாங்கிக் குடுத்தேன். "பாத்துப் பொறுக்கு"ன்னேன். வாங்கி மாடத்துல வெச்சா.

ஒரு நாள் மத்தியானம், கெணத்து மேட்டுல இருந்து தண்ணி குடிக்க வந்தேன். அவ வேலியோரத்துல உக்காந்திருக்கறா. சோத்தாங்கை தோள் வரைக்கும் கிளுவைக்குள்ள போயிருக்குது. கன்னம் முள்ளுல படாம மூஞ்சியத் திருப்பி வெச்சிருக்கறா. அக்கட்டால கட்டலு. அங்கிருந்து ஒரு கையி. ரெண்டு பேரும் பேசல. சும்மா புடிச்சுட்டு இருக்கறாங்க.

நான் பாத்துட்டு நின்னேன். தண்ணி குடிக்காமயே திரும்பிப் போயிட்டேன்.

அதுக்கு மூணு நாள் கழிச்சுத்தான் தகரம் அடிச்சேன். ஆனா தம்பி, நான் அதுக்காக அடிக்கல. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க, என்ற மகளே கேட்டா. தகரத்துக்கு நான் முன்னாலயே சொல்லி வெச்சிருந்தேன். வக்கீலு சொன்னாரு, வேலி தழைஞ்சு தழைஞ்சு இன்னும் நம்ம பக்கம் வரும், ஒரு அடைப்புப் போட்டு வெச்சா அளக்கறப்ப நமக்குச் சாதகம்னு. வேணும்னா கடைக்காரரைக் கேட்டுப் பாருங்க. சொல்லி பத்து நாளு கழிச்சுத்தான் சரக்கு வந்துச்சு. வந்த நாளு அப்படி அமைஞ்சுது, நான் என்ன பண்றது?

நாப்பதடி நீளம், ஆளு ஒசரம். வூட்டுக்கு நேரா மட்டும். இரும்புக் கொழாயி நட்டு, போல்ட்டு போட்டு, எறும்பு நொழையாத மாதிரி அடிச்சேன். போல்ட்டு டப்பாவக் கூட தெய்வாத்தாதான் எடுத்துக் குடுத்தா. பத்து நாளுல கையெல்லாம் ஆறிப்போச்சு. தழும்பு கூட அவ்வளவாத் தெரியல. நல்ல களிம்பு அது.

அதுக்கப்பறம் அவளுக்கு மனசு சித்தே கலங்கிப் போச்சுங்க. நான் ஆருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டச் சொல்றேன். ஆட்டுக்கிட்டப் பேச ஆரமிச்சா.

மத்தியானமானா தகரத்தை ஒட்டி மொறத்தை வெச்சுட்டு உக்காந்துக்குவா. பக்கத்துல ரெண்டு ஆட்டைக் கட்டிக்குவா. சத்தமாப் பேசுவா, செவிட்டு ஆளுகிட்டப் பேசற மாதிரி. "இன்னைக்குக் கொள்ளுப் பருப்பு கடைஞ்சேன். தாளிக்கறப்பவே நல்ல வாசம். பூண்டு நாலு பல்லு சேத்தித் தட்டிப் போட்டேன்"ம்பா. "பேத்தி போன் பண்ணுச்சு. பல்லு வுழுந்துருச்சாமா, கூரை மேல வீசறதுக்கு அங்க கூரையே இல்லையாமா, மொட்டை மாடியாமா"ம்பா. "இந்த வருசம் புளியம்பூ நெறைய. உதுராம இருந்தாச் சரி"ம்பா. ஆட்டுக்கு எதுக்குங்க இதெல்லாம்? அது பாட்டுக்குத் தழை தின்னுட்டு இருக்கும்.

அவ பேசி நிறுத்துனா அக்கட்டால இருமல் கேக்கும். மறுபடி இவ பேசுவா. நான் ஒரு நாள் சொன்னேன், "எதுக்கு இப்படிக் கத்தறே? போறவங்க வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"ஆட்டுக்குக் காது கேக்கறதில்லீங்க"ன்னா.

சரின்னு வுட்டுட்டேன். வக்கீலு சொன்னது ரெண்டு வூட்டுக்கும் பேச்சு வார்த்தை கூடாதுன்னு. ஆட்டோட பேசறதைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல.

ஆனி மாசம் கடைசி. பொழுது மேக்கால சாஞ்சுட்டு இருந்துச்சு. இவ வழக்கம் போலப் பேசிட்டு இருந்தா. எதோ ஒரு சீலையப் பத்தி. முன்ன எப்பவோ ரெண்டு பேரும் ஒரே மாதிரி எடுத்த சீலையாமா, அதுல இவளோடது சாயம் போயிருச்சாமா. பேசி நிறுத்துனா. இருமல் வரல. சித்த நேரம் இருந்துட்டு, "அக்காளுது சாயம் போகல"ன்னா. இருமல் வரல. ஆட்டைப் பாத்துட்டு உக்காந்திருந்தா. அப்பறமும் பேசுனாளுங்க. ரொம்ப நேரம் பேசுனா. அதுக்கப்பறந்தான் மச்சான் கத்துன சத்தம் கேட்டுச்சு.

நான் எழவுக்குப் போகல. போகோணும்னுதான் எந்திரிச்சேன். துண்டை எடுத்துத் தோள்ல போட்டேன். வியாழக்கெழம வாய்தா. நான் போயி நின்னு, அவரு எதாச்சும் சொல்லி, நாலு பேரு முன்னால வார்த்தை தடிச்சு, அது வேற கேசாயிருச்சுன்னா? துண்டை மறுபடி கொடியில போட்டுட்டேன். தெய்வாத்தா என்னைக் கேக்கவே இல்ல. செருப்புப் போடாம எறங்கி, ரோட்டைச் சுத்தி ஒரு மைல் நடந்து போனா. கடவு இருந்திருந்தா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிருக்கலாம், ஆனா அதை அடைச்சுட்டமே. மறுநாள் எல்லாம் முடிச்சுத் தலைக்கு ஊத்திட்டு வந்தா. வந்து எருமைக்குத் தண்ணி காட்டுனா.

அதுலயிருந்து பேச்சைக் கொறைச்சுக்கிட்டா. "சோறு ஆச்சுங்க." "பாலுக்காரர் வந்தாருங்க." "மாத்திரை தீந்துருச்சுங்க." அவ்வளவுதான். ஆட்டோடயும் பேசறதில்ல. மனசு தெளிஞ்சுருச்சுன்னு நெனச்சேன். வூட்ல சத்தம் கொறைஞ்சுது. எனக்கும் அது நிம்மதியாத்தான் இருந்துச்சு.

இருங்க, ஆரோ வர்றாங்க. இல்ல, அது கருவூல ஆபீசுக்காரரு.

அடுத்த தையில கோர்ட்டுல இருந்தே அளக்கச் சொல்லி உத்தரவாச்சு. வந்தது இப்ப நீங்க பாக்கப் போற இதே சர்வேயரம்மாதான். சின்னப் புள்ளை. ஷூ போட்டுட்டு, மூணு காலு மெசினைத் தோள்ல சாத்திட்டு வந்துச்சு. நல்ல புள்ளைங்க, ஒரு வாய் மோர் கூட ரெண்டு பக்கமும் வாங்கிக் குடிக்கல. வெடியால பத்து மணிக்கு ஆரமிச்சு மத்தியானம் வரைக்கும் அளந்துச்சு. படத்தைப் பாக்குது, மெசினைப் பாக்குது, வேலியப் பாக்குது. அப்பறம் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுச்சு.

"இங்க எப்பவாச்சும் வண்டிப் பாதை இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க"ன்னோம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. ரெண்டு வருசத்துல நாங்க சேந்து பேசுன மொத வார்த்தை அதுதான்.

"படத்துல இருக்குதுங்களே"ன்னுச்சு.

பழைய படத்துல எங்க ரெண்டு காட்டுக்கும் நடுவுல பதினாறடி அகலத்துக்கு ஒரு இட்டேரி போகுதுங்க. வண்டித் தடம். சர்க்காரு எடம். எங்கப்பனும் அவங்கப்பனும் என்ன பண்ணியிருக்கறாங்கன்னா, ஆளுக்கு எட்டடி எடுத்துக்கிட்டு நடு மத்தியில வேலிய நட்டுட்டாங்க. அளவுல கொஞ்சங்கூட ஏமாத்தல. ஆளுக்குச் சரியா எட்டடி. அப்ப, வேலி என்னோடதும் இல்ல, அவரோடதும் இல்ல. வெள்ளவேல மரம், கடவு, தகரம், அக்கட்டால புங்க மரம், அத்தனையும் சர்க்காரு எடத்துல இருக்குது.

மச்சான் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. நான் நின்னுட்டுத்தான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல. ஒரு வகையில பாத்தா நாந்தானுங்க ஜெயிச்சேன். வேலி அவரோடதுன்னு அவரு சொன்னாரு. அவரோடது இல்லைன்னு ஆயிருச்சல்ல?

ஆனா ஒண்ணு கேட்டேன். "அம்மிணி, அதெல்லாம் சரி. அஞ்சு நாள் நாங்க ஊருக்குப் போனப்ப வேலி ஒரு மொழம் நகந்துச்சா, நகரலையா? அதை மட்டும் சொல்லு"ன்னேன். அந்தப் புள்ளை என்னை ஒரு பார்வை பாத்துச்சு. "ஐயா, வேலியே உங்க எடத்துல இல்ல. எங்க நகந்தா என்னுங்க?"ன்னுச்சு. அது பதிலாகாதல்ல? நான் எழுதிக் குடுத்திருக்கறேன். எழுத்துல பதில் வேணும்னு. இது நாலாவது மனு. அதுக்குத்தான் இன்னைக்கு வந்திருக்கறேன்.

மாசியில பஞ்சாயத்துல இருந்து ஜேசிபி வந்துச்சு. எங்கப்பன் நட்ட வேலி, அம்பது அறுபது வருசத்து வேலி, ஒரு வெடியாலயில வழிச்சு எடுத்துட்டாங்க. கிளுவை வேரோட வர்றப்ப ஒரு பச்சை வாசம் அடிக்குமுங்க. காடு பூரா அடிச்சுது. தகரத்தைக் கழட்டி எடுத்துக்கறேன்னு சொன்னேன், நேரமில்லைன்னு அதையும் சுருட்டிப் போட்டுட்டாங்க. தகரம் போனதும் அக்கட்டால பாத்தா, அந்தக் கட்டலு அப்படியே கெடக்குது. மச்சான் எடுக்கவே இல்ல. நான் தகரம் அடிக்கறப்ப அது புங்க மரத்தடியில இருந்துச்சு. அதுக்கப்பறம் ஆரோ நகத்திப் போட்டிருக்கறாங்க, தகரத்துக்கு நேரா கிளுவைய ஒட்டி, ஒரு வெரக்கடை எடங்கூட வுடாம.

தெய்வாத்தா எங்க வாசல்ல இருந்து எறங்கி நடந்து போயி அந்தக் கட்டல்கிட்ட நின்னா. ஜேசிபி நிக்கற வரைக்கும் நின்னா. திரும்பி வந்து என்கிட்டச் சொன்னா, "இருவத்தி மூணு எட்டுத்தானுங்க."

ரோடு பதினாறடிதான், இவ எதை எண்ணுனாளோ.

அடுத்த வாரம் மக போன் பண்ணுனா, பேத்தியப் பள்ளிக்கோடத்துக்குக் கூட்டிட்டுப் போக வர ஆளில்ல, அம்மாவை அனுப்பி வைங்கன்னு. அனுப்பி வெச்சேன். ஒரு பத்து நாளுன்னு நெனச்சேன். இப்ப ஒன்பது மாசமாகுது. மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தி, மகளும் கம்பெனிக்குப் போறா. அவளுக்கும் பாவம், வர முடியறதில்ல. பரிச்சை லீவுல வருவான்னு பாத்தேன். லீவுல பேத்திக்குப் பாட்டு வகுப்பாமா.

மச்சானா? இருக்கறாரு. இப்ப பேசிக்கறமுங்க. கேசு இல்லைல்ல. அவரு அந்தப் பக்கம் தனியா, நான் இந்தப் பக்கம் தனியா. நடுவுல ரோடு. டிராக்டர் போகுது, பள்ளிக்கோட வேன் போகுது, நல்ல வசதி. போன மாசம் ரோட்டைத் தாண்டி எங்க வாசலுக்கே வந்துட்டாரு. வந்து ஒரு ஓரமா நின்னாரு.

"தங்கச்சி வந்தாச்சா மாப்ள?"

"இல்லீங்க மச்சான். பேத்திக்கு ஆளில்ல."

தலைய ஆட்டிக்கிட்டாரு. அப்பறம் கேட்டாரு, "கொள்ளுப் பருப்பு எப்படி மாப்ள கடையறது?"

எனக்கென்னுங்க தெரியும். தெரியாதுன்னேன். அவரு தரையப் பாத்துட்டே சொன்னாரு. "தங்கச்சி ஒரு நாள் தகரத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து சொல்லுச்சு, கொள்ளுப் பருப்பு கடைஞ்சேன்னு. உங்கக்கா அதுக்கு முன்னால ரெண்டு நாளாத் தண்ணி கூட எறங்காமக் கெடந்தா. அன்னைக்கு என்னைக் கூப்பிட்டு, எனக்கும் அது வேணும்னா. நான் என்னத்தைக் கண்டேன்? வேக வெச்சேன், அடி புடிச்சுருச்சு. அதையே ரெண்டு கரண்டி தின்னா. நல்லா இருக்குதுன்னா. நெசமா எப்படி இருக்கும்னு ஒருக்காச் செஞ்சு பாக்கலாம்னு."

"அப்படிங்களா மச்சான்"னேன்.

"மத்தியானமானாக் கட்டலை நகத்து நகத்துன்னுவா. நாந்தான் நகத்திப் போட்டேன்"னாரு.

"சரிங்க மச்சான்"னேன். வேற என்ன சொல்றது? அவரு ரோட்டைத் தாண்டிப் போயிட்டாரு. நான் எருமைக்குச் சோளத்தட்டுப் போட்டேன். அன்னைக்கு ரெண்டு தடவ போட்டுட்டனுங்க, போட்டதை மறந்துட்டு.

தெய்வாத்தாளைப் போயிப் பாக்காம இல்ல. ஒரு வாரம் வுட்டு ஒரு ஞாயித்துக்கெழம போயிருவேன். வெண்ணெய் கொண்டு போவேன், கீரை கொண்டு போவேன். சில சமயம் கோயிலுக்குப் போயிருப்பா, நான் இருந்து பாத்துட்டு வந்துருவேன். போன ஞாயிறு இருந்தா. வெங்காயம் உரிச்சுட்டு இருந்தா. நான் எதுக்க உக்காந்தேன். மக காப்பி வெச்சுக் குடுத்துட்டு உள்ள போயிட்டா.

நான் சொன்னேன். ரொம்ப நாளாச் சொல்லோணும்னு நெனச்சதை, போற வழியெல்லாம் மனசுல அடுக்கிட்டுப் போயிச் சொன்னேன். "இத பாரு, வேலியும் இல்ல, தகரமும் இல்ல, கேசும் முடிஞ்சுது. ரோடு தாண்டுனா அந்த வூடு. இனி எவனும் உன்னைப் போகாதே, வராதேன்னு சொல்ல முடியாது. வந்துரு."

அவ உரிச்ச வெங்காயத்தைத் தட்டத்துல போட்டா. "அங்க ஆருங்க இருக்கறா?"ன்னா.

ஒன்பது மாசமாச்சல்லங்க, அவளுக்கு எல்லாம் தெரிஞ்சுக்கோணும்னு இருக்கும். நான் ஒண்ணு வுடாமச் சொன்னேன். எரும ரெண்டும் இருக்குது. செவலை ஆடு செனையா இருக்குது. நாய் இருக்குது, காலு நொண்டுது. வெள்ளக்கோழி அடை வெச்சு பதினோரு குஞ்சு பொரிச்சிருக்குது. மச்சான் இருக்கறாரு. நானும் இருக்கறேன்னேன்.

எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. கடைசியில தலைய நிமுத்தி செவுத்துக் கடிகாரத்தைப் பாத்தா.

"மூணே முக்கால் பஸ்ஸுக்குக் கெளம்புனீங்கன்னா உக்காந்துட்டுப் போலாமுங்க. அதை வுட்டா ஆறேகால்தான், கூட்டமா இருக்கும்"னா.

பாருங்க தம்பி, நம்மூரு பஸ்ஸு நேரமெல்லாம் அப்படியே மனசுல வெச்சிருக்கறா. நான் நின்னுட்டுப் போகக்கூடாதுன்னு அவளுக்கு. ஒடனே எந்திரிச்சு வந்துட்டேன். அவ சொன்ன மாதிரியே சீட்டுக் கெடச்சுதுங்க. ஜன்னலோரம்.